விருந்தினரைப் பேச விடுங்கள்: ஒரு பண்பலை நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிலையத்தில் ஞாயிறுதோறும் காலையில் ஒலிபரப்பாகும் நேர்காணல் நிகழ்ச்சியைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் தொகுப்பாளரின் பெயரையும் வேண்டுமென்றேதான் குறிப்பிடவில்லை. ஒருவரைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. தவிர, இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊர் நிலையத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கக்கூடும். நினைத்தாலும் பெரிய பிழையிராது. இதே குறைகளைச் சுருக்கி நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் பலமுறை அனுப்பிப் பார்த்தேன். அவற்றுள் ஒன்று ஒலிபரப்பிலேயே வாசிக்கப்பட்டது. "உங்கள் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்டு வருகிறேன்" என்ற முதல் வரியை மட்டும் வாசித்து, நன்றி சொல்லி, என் பெயருக்கு ஒரு பாட்டும் போட்டார்கள். ஆகவே இந்தத் திறந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சியின் எண்ணம் மிக நல்ல எண்ணம். படம் வெளியாகும் வாரத்தில் மட்டும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கும் நடிகர்களை விட்டுவிட்டு, கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைக்காரர், சுவாமிமலைச் சிற்பி, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், ஆற்றில் மதகு திறப்பவர், கிராமச் செவிலியர் என்று இந்தக் காவிரிக் கரையில் கைத்தொழிலாலும் கடமையாலும் வாழ்பவர்களை அழைத்து ஒரு மணி நேரம் உட்கார வைப்பது, இன்றைய வணிக வானொலியில் எளிதாக நடக்கிற காரியமில்லை. யாரோ ஒருவர் மேலிடத்தோடு வாதாடித்தான் அந்த ஒரு மணி நேரத்தை வாங்கியிருக்க வேண்டும். அவர் தாங்களாகவே இருந்தால் தங்களுக்கு என் நன்றி. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய நேரம் விருந்தினருக்குப் போய்ச் சேரவில்லை என்பதே என் குறை.

நான் திருபுவனத்தில் ஒரு தறிக்கூடத்தில் வேலை செய்கிறேன். பட்டு நெசவில் கையும் காலும் கண்ணும் தறியில் இருக்கும். காது மட்டும்தான் மிச்சம். முகூர்த்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும், சன்னல் திண்டில் வானொலியும் பாடும். எங்களைப் போன்றவர்களுக்கு வானொலி பொழுதுபோக்கு என்பதைவிடப் பேச்சுத்துணை. தறிச் சத்தத்துக்கு நடுவே, ஒற்றை ஒலிபெருக்கி வைத்த சிறிய பெட்டியிலிருந்து வரும் குரலைப் பின்தொடர்வது எப்படி இருக்கும் என்று, ஹெட்போன் மாட்டிக்கொண்டு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். நேரில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால், குரல்கள் வெவ்வேறு திசையிலிருந்து வருவதால் நம் இரண்டு காதுகளும் சேர்ந்து ஒன்றைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். ஒற்றை ஒலிபெருக்கியில் இரு குரல்களும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் இரண்டும் போய்விடும். தொகுப்பாளர் ஆர்வ மிகுதியால் "ம்ம்", "ஓகே ஓகே", "செம்ம", "வாவ்" என்று போட்டுக்கொண்டே இருக்கும்போது, எங்களுக்கு அவருடைய ஆர்வம் கேட்பதில்லை. விருந்தினரின் வாக்கியத்தில் ஓட்டை விழுவதுதான் கேட்கிறது. எதிரே இருப்பவரை ஊக்கப்படுத்தத் தலையை அசைத்தாலே போதுமே. விருந்தினருக்கு அது தெரியும், எங்களுக்கு அது தொந்தரவில்லை.

சில வாரங்களுக்கு முன் நரசிங்கம்பேட்டையிலிருந்து நாகஸ்வரம் செய்யும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அந்த ஊர் எங்களுக்குப் பக்கத்து ஊர். 2022ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளில் படித்தோமே தவிர, அந்தக் கருவி எப்படி உருவாகிறது என்பதைச் செய்பவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு எங்களில் பலருக்கு அதுவரை இருந்ததில்லை. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில், குட்டையான, உச்சச் சுருதியில் ஒலிக்கும் திமிரியிலிருந்து நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்துக்கு அந்த ஊர் ஆசாரிகள் எப்படி வந்து சேர்ந்தார்கள், குழலின் நீளம் கூடினால் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை எப்படிக் கணக்கிட்டார்கள், விரல் வைக்கும் ஏழு துளைகள் போக அடியில் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்து எப்படிச் சுருதி திருத்துகிறார்கள் என்று கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. அன்று எங்கள் தறிக்கூடத்தில் இரண்டு தறிகளை நிறுத்திவிட்டே கேட்டோம்.

பெரியவர் இரண்டு மரத்துண்டுகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஆச்சா மரம்தான். ஒன்று அண்மையில் அறுத்தது. மற்றொன்று ஏதோ பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த உத்தரத்திலிருந்து எடுத்தது. மரம் பல்லாண்டு காய்ந்து முற்றியிருந்தால்தான் குழலுக்கு ஆகும் என்றும், அதைக் காட்டத்தான் இரண்டையும் எடுத்துவந்தேன் என்றும் சொன்னார். "இப்பத் தட்டுறேன், கேளுங்க" என்று முதல் துண்டைத் தட்டினார். மொத்தென்று ஓர் ஓசை. "இது புதுசு. இப்ப இதக் கேளுங்க" என்றார். இரண்டாவது துண்டைத் தட்டிய அதே நொடியில் தொகுப்பாளர் "வாவ்! சூப்பர் சார்! ஆக மொத்தம் ஓல்டு ஈஸ் கோல்டுன்னு சொல்றீங்க!" என்று சிரித்தார். அந்த ஓசை என்னவென்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. பெரியவர் மறுபடி தட்டப் போனார் என்றுதான் நினைக்கிறேன், "அது வந்து தம்பி..." என்று ஒரு குரல் கேட்டது. அதற்குள் பழைமையின் பெருமையைச் சொல்லும் ஒரு திரைப்பாடல் தொடங்கிவிட்டது. பாட்டு முடிந்து வந்தபோது பேச்சு, அவருக்குப் பிடித்த கதாநாயகன் யார் என்பதில் இருந்தது.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தொலைக்காட்சியாலும் செய்தித்தாளாலும் செய்ய முடியாத ஒன்றை வானொலி செய்யக் கிடைத்த நொடி அது. படத்துக்கு அங்கே வேலையில்லை, எழுத்துக்கும் வேலையில்லை. இரண்டு தட்டு, அவ்வளவுதான். அதை விருந்தினர் புரிந்துகொண்டு, யாரும் சொல்லாமலே மரத்தைச் சுமந்து வந்தார். வானொலிக்காரருக்கு அது புரியவில்லை. போதாக்குறைக்கு அவர் பேசிய நேரம் முழுவதும் அடியில் ஏதோ ஒரு கீபோர்டு இசை ஓடிக்கொண்டிருந்தது. நாகஸ்வரம் செய்பவரின் பேச்சுக்கு அடியில் கீபோர்டு!

குறுக்கே பேசுவது மட்டுமே குறையென்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். கேள்வி கேட்கும் முறையிலேயே சில பழக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. விடையைத் தாமே சொல்லிவிட்டு, விருந்தினரிடம் "ஆமாம்" என்பதை மட்டும் கேட்டு வாங்குவது அவற்றில் முதலாவது. "சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க, இல்லையா?" என்று கொடிக்கால்காரர் ஒருவரைக் கேட்டார். "இல்லைங்க, எங்கப்பா எங்கள நல்லாத்தான் வச்சிருந்தாரு" என்றார் அவர். "அந்தக் கஷ்டத்தையெல்லாம் தாண்டி இன்னைக்கு இந்த இடத்துல..." என்று தொகுப்பாளர் தொடர்ந்தார். பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த கேள்வி முன்பே தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது தறியில் இருந்த எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. விருந்தினருக்கும் விளங்கியிருக்க வேண்டும், அதன்பின் அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றே சொல்லி முடித்தார். வெற்றிலையைப் பற்றி ஒரு மணி நேரத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது, அது பச்சையாக இருக்கும் என்பதைத்தான்.

இன்னொன்று, ஒரே மூச்சில் மூன்று கேள்விகள். எப்போது தொடங்கினீர்கள், யார் ஊக்கம் கொடுத்தார்கள், இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று அடுக்கினால், மேடைப் பழக்கமில்லாத மனிதர் கடைசிக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு "நல்லா உழைக்கணும்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அவரை என்ன குறை சொல்ல முடியும்? பிறகு, எதற்கெடுத்தாலும் "அப்ப எப்படி ஃபீல் பண்ணீங்க?" என்பது. தொழில் செய்பவரிடம் தொழிலைக் கேட்டால் உணர்ச்சி தானாக வரும். உணர்ச்சியைக் கேட்டால் தொழிலும் வராது, உணர்ச்சியும் வராது; "சந்தோசமா இருந்துச்சு" என்பதுதான் வரும். பேச்சு வழக்கில் கொஞ்சம் மண்வாசனை தெரிந்துவிட்டால் "அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்று சொல்ல வைத்துச் சிரிப்பது வேறு. நல்ல வேளையாக, அதை எதிர்கொண்ட பாத்திரப் பட்டறைக்காரர் "ஏன், காது கேக்கலையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அன்று எங்கள் கூடத்தில் நல்ல கைதட்டல்.

கைதட்டிச் சிரிக்க முடியாத வாரமும் ஒன்று இருந்தது. கிராமச் செவிலியர் ஒருவர் வந்தார். அறுவடைக் காலம். வயலிலும் வரப்பிலும் வைக்கோற்போரிலும் பாம்புக்கடி நடக்கிற காலம். கடிபட்டவரைக் கடிவாயைக் கத்தியால் கீறியும், கயிற்றால் இறுக்கிக் கட்டியும் கொண்டுவருகிறார்கள், அதுவே பாதி கெடுதல் செய்துவிடுகிறது என்று சொல்லத் தொடங்கினார். என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்லியாயிற்று. என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருமுன்னே "சின்ன பிரேக்" வந்தது. விளம்பரம் முடிந்து திரும்பியதும் முதல் கேள்வி: "இவ்ளோ பிஸியான வேலை, வீட்டுல சமையல் யாரு?" கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு, நேரம் கடத்தாமல் நஞ்சுமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தில் இடமில்லாமல் போயிற்று. அந்த அம்மையாரும் கண்ணியமாகச் சமையலைப் பற்றிப் பதில் சொன்னார். ஆண் விருந்தினர் எவரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இவையெல்லாம் ஒரு தொகுப்பாளரின் இயல்பு, நாளடைவில் சரியாகிவிடும் என்று தாங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அடுத்தடுத்து வந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கேட்கும்வரை.

ஒரு வாரம், பாசனத் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்றால் மதகுகளின் சாவி அவர் கையில். எந்த வாய்க்காலுக்கு எத்தனை திருகு ஷட்டரைத் தூக்க வேண்டும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்துவிடும் தண்ணீர் ஏறத்தாழ மூன்று நாளில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிறகு ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாக எப்படிக் கடைமடைக்குப் போகிறது, அணையில் இருப்புக் குறைந்து முறைவைத்து விடும்போது மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் வரும் சண்டையை இரவில் டார்ச் விளக்கோடு நின்று எப்படித் தீர்த்தார் என்பதை அவர் சொல்லத் தொடங்கினார். சொல்ல விடவில்லை. எண்ணிப் பார்க்கவே தோன்றாத அளவுக்குக் குறுக்கீடு. "தண்ணி வரும்போது பார்க்கவே செம்மையா இருக்கும்ல?" என்பதில் முடிந்தது.

அடுத்த வாரம், ஆறுகளையும் குளங்களையும் தூர்வாரும் பணி பற்றிப் பேச ஓர் அதிகாரி வந்தார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். பணிகள் துரிதமாக நடைபெற்று வருவதாகவும், உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருவதாகவும், விவசாயிகள் மகிழ்ச்சி தெரிவித்திருப்பதாகவும் அவர் சொன்ன நீண்ட வாக்கியங்களில் ஒன்றின் நடுவிலும் ஒரு "வாவ்" விழவில்லை. "ம்ம்" கூட இல்லை. எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எடுத்த மண் எங்கே போயிற்று, வேலை முடியும் முன்பே தண்ணீர் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வியும் இல்லை. நடுவில் "இவ்வளவு வேலைப்பளுவிலயும் எங்களுக்காக நேரம் ஒதுக்கினதுக்கு" என்று நன்றி இருமுறை வந்தது. இங்கேதான் எனக்கு விளங்கியது. தங்கள் தொகுப்பாளருக்குக் குறுக்கிடாமல் கேட்கத் தெரியும். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம் குறுக்கிடாமலும், யாரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமோ அவர்களைக் குறுக்கிட்டும் பழகிவிட்டார். அறிவுடையவர் பேசும்போது வெட்டுகிறார். அதிகாரம் உடையவர் பேசும்போது பணிகிறார். இந்த மடலை எழுத வைத்தது இந்த ஒன்றுதான். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்போடு விட்டிருப்பேன்.

பேட்டியில் குறுக்கிடுவதே தவறென்று நான் சொல்லவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். 2012 நவம்பர் 10ஆம் தேதி காலை, பிபிசி ரேடியோ 4இன் 'டுடே' நிகழ்ச்சியில் ஜான் ஹம்ஃப்ரிஸ் தம் நிறுவனத்தின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசிலையே பேட்டி கண்டார். பிபிசியின் 'நியூஸ்நைட்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை தொடர்பான ஒரு செய்தியில், தவறு செய்யாத அரசியல் பிரமுகர் ஒருவர் மீது பழி விழும்படி செய்துவிட்டிருந்தது. அது ஒளிபரப்பாகும் முன் தமக்குத் தெரியாது என்றார் தலைமை இயக்குநர். ஏன் தெரியவில்லை, யாரும் சொல்லவில்லையா, தாமாகக் கேட்டறிய வேண்டாமா என்று ஹம்ஃப்ரிஸ் விடாமல் கேட்டார். சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் தலைவரிடம் கேட்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அன்றிரவே என்ட்விசில் பதவி விலகினார். பதவியேற்று 54 நாள்தான் ஆகியிருந்தது. ஹம்ஃப்ரிஸ் 1987 முதல் 2019 வரை அந்த நிகழ்ச்சியில் இருந்தவர். வாயைத் திறக்க விடாமல் குறுக்கே பேசுகிறார் என்று அவர் மீதும் நேயர்கள் குறைபட்டதுண்டு, பலமுறை அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அவருடைய குறுக்கீடு பெரும்பாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மேல்தான் பாய்ந்தது. மரத்துண்டோடு வந்த ஆசாரியின் மேல் பாய்வதற்கு அதில் எந்த முன்மாதிரியும் கிடையாது.

தங்கள் நிலையம் பிபிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதியில்லை, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றாமல் மறுஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான் என்பதும் தெரியும். அதிகாரியிடம் கேள்வி கேட்டால் உரிமத்துக்கு ஆபத்து என்று யாராவது தங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியார் பண்பலைக்கென்று 2011இல் வந்த மூன்றாம் கட்ட விதிமுறைகளின்படி மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை போன்றவை குறித்து உள்ளூர் நிர்வாகம் தரும் பொது அறிவிப்புகள் செய்தி என்ற கணக்கில் சேராது. அந்த அறிவிப்பைத்தான் அதிகாரி சொல்ல வருகிறார். அவர் சொல்வது எங்களுக்குப் புரியவில்லையென்றால், எந்த ஊர், எந்தத் தேதி என்று விளக்கம் கேட்பது அரசியல் விமரிசனம் ஆகாது. கட்சி பேச வேண்டாம், வழக்காட வேண்டாம். தேதி கேட்டால் போதும்.

தொகுப்பாளருக்காகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல குரல் அவருடையது. தெளிவான லகர ளகர ழகரம், இந்தக் காலத்தில் அபூர்வம். மழை வெள்ளத்தின்போது எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்று இரவெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அன்றாடம் காலை நிகழ்ச்சியை அவர்தான் செய்கிறார், விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பதும் அவர், கடைத் திறப்பு விழாவுக்கு மைக் பிடிப்பதும் அவர். இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை விருந்தினரைப் பற்றிப் படித்துத் தயார் செய்ய அவருக்கு எப்போது நேரம் கிடைக்கும்? நிகழ்ச்சியின்போது இசையை ஏற்றி இறக்குவது, விளம்பர நேரத்தைக் கவனிப்பது, வாட்ஸ்அப்பைப் படிப்பது எல்லாமே அவர் ஒருவர்தான் என்பது கேட்டாலே தெரிகிறது. ஒரு கண் திரையிலும் ஒரு கண் கடிகாரத்திலும் இருப்பவரின் காது விருந்தினரிடம் எப்படி இருக்கும்? ஒரு நொடி அமைதி விழுந்தால் நேயர்கள் வேறு நிலையத்துக்கு ஓடிவிடுவார்கள் என்ற அச்சமும் அவருக்கு நிலையம் கற்றுக்கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். ஓட மாட்டோம். கையில் நாடா இருக்கும்போது ஓடிப் போய் முள்ளைத் திருப்ப எங்களால் முடியவும் முடியாது. எல்லோரும் வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனைப் போல நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. வேகமாகப் பேசட்டும், சிரிக்கட்டும், கலகலப்பாக இருக்கட்டும். தம் முறை வரும்போது.

இந்த மண்ணில் வானொலிக்கு ஒரு மரியாதை உண்டு, அது சும்மா வந்ததில்லை. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, அதில் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்புக்கு அவ்வளவு பெரிய பங்கு இருந்தது. உழவர்கள் அந்த நெல்லையே 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள். விதைநெல்லுக்கு ஒரு ஊடகத்தின் பெயர் வைப்பதென்றால் அதன் பேச்சை நம்பி வயலில் காசு போட்டார்கள் என்று பொருள். அந்த ஆடுதுறை நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்து ஊர்தான் என்பது தங்களுக்கே தெரியும். அன்றைய வேளாண் நிகழ்ச்சியில் சொன்னவை பகட்டில்லாதவை: எத்தனை நாள் நாற்று, எத்தனை மூட்டை உரம், எப்போது தண்ணீரை வடிக்க வேண்டும். வயலில் நிற்பவன் எதைக் கேட்பானோ அதையே வானொலி பேசியது. தங்கள் தொகுப்பாளரும் விருந்தினரிடம் வாயைத் திறக்கும் முன், தறியில் இருப்பவளோ வயலில் இருப்பவனோ இந்த இடத்தில் என்ன கேட்பார்கள் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டால், "ஃபீல்" தானாகக் காணாமல் போகும்.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு வைக்கும் காரியம் எதுவுமில்லை. விருந்தினர் பேசும்போது அடியில் ஓடும் இசையை நிறுத்திவிடுங்கள்; இது நாளைக்கே ஒரு பொத்தானில் முடியும். முன்தினம் தொகுப்பாளர் விருந்தினரோடு தொலைபேசியில் கால் மணி நேரம் பேசட்டும், அதற்குரிய நேரத்தை வேறு வேலையிலிருந்து கழித்துக் கொடுங்கள். கருவியோ பொருளோ கொண்டுவருகிறாரா என்று அப்போதே கேட்டுவைத்தால், அதற்கென்று ஒரு மைக்கை அருகில் வைக்கலாம். நிகழ்ச்சி நேரத்தில் இசையையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொள்ள வேறு ஒருவர் அமரட்டும். ஒலிபரப்பில் ஒரு மணி நேரம்தான் என்றால், வெட்டாத முழுப் பதிவையும் யூடியூபில் ஏற்றுங்கள். பேச விடப்படாத பகுதி இருந்தால் அது அங்கேயாவது கிடைக்கும். பழைய நிகழ்ச்சிகளின் மூலப்பதிவு தங்களிடம் இருக்குமானால், பாம்புக்கடி பற்றிய பகுதியை அந்தச் செவிலியரைக் கொண்டே முழுமையாகப் பேசச் செய்து தனியாக ஒலிபரப்புங்கள். இதற்கு மட்டும் அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டாம்.

தொகுப்பாளரை மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. தங்கள் அறையில் அவரையும் உட்கார வைத்து, மரம் தட்டிய நிகழ்ச்சியின் பதிவையும் தூர்வாரும் பணி பற்றிய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். ஒற்றை ஒலிபெருக்கியில் போடுங்கள். நான் இங்கே எழுதியிருப்பதில் மிகை எதுவும் உண்டா என்பதை அவரே சொல்லட்டும். கேட்கத் தெரிந்த மனிதர்தான் அவர். வெள்ளத்தின்போது நேயர்கள் தொலைபேசியில் அழுதபடி சொன்னதை எல்லாம் அவர் ஒரு சொல் குறுக்கிடாமல் கேட்டார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குறுவைக்கு அணை திறக்கும் நாள் நெருங்கும்போது, வழக்கம்போல் அதிகாரி ஒருவரை அழைப்பீர்கள். அந்த நிகழ்ச்சிக்கு எங்கள் பக்கத்து உழவர்கள் சார்பில் கேள்விகளை இப்போதே தருகிறேன். எங்கள் வாய்க்காலின் தலைப்பு மதகு எந்தத் தேதியில் திறக்கப்படும்? கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகும்? சொன்ன நாளில் வராவிட்டால் விவசாயி எந்த அலுவலகத்தில், எந்த எண்ணில் அழைக்க வேண்டும்? "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வந்தால், தொகுப்பாளர் தயங்காமல் குறுக்கிட்டு, தேதி என்ன என்று மறுபடியும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
தறிக்கூடத்திலிருந்து ஒரு நேயர்,
திருபுவனம்.